பூங்காவனம் மூடிய குழாய்

காலையில் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் என் கைப்பேசிக்கு பிவிசி ரெசின் விலை வந்துவிடும். ஓய்வு பெற்று இது இரண்டாவது வருடம். இனி அதில் ஒரு மூட்டை நான் வாங்கப்போவதுமில்லை, விற்கப்போவதுமில்லை. ஆனாலும் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் காபியைப் பாதியில் வைத்துவிடுகிறேன். இறங்கினால் இன்னொரு டம்ளர் காபி கேட்கிறேன்.

"ஒருநாளாச்சும் தங்கம் இன்னா வெலைன்னு கேட்டிருக்கீங்களா? பைப்பு மாவு வெலைய தெரிஞ்சினு இன்னா பண்ணப்போறீங்க?" என்பாள் என் மனைவி அமுதா. நியாயமான கேள்விதான். செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

விலை வரும் அந்த வாட்ஸப் குழுவில் என்னை இன்னும் வைத்திருப்பது சுமதி. நான் விட்டுவந்த ஷிப்ட் பொறுப்பாளர் நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள்தான். மாவு கருகாமலிருக்கக் கலவையில் ஈயம் சேர்க்கும் பழைய முறை போய்ப் புது மருந்து வந்திருக்கிறது, அதனால் இயந்திரத்தில் பைப் ஓட்டும்போது வரும் சந்தேகங்களை என்னிடம் கேட்பாள். எனக்கும் அந்த மருந்து புதிது என்று தெரிந்துகொண்டே, மரியாதைக்காகக் கேட்கிறாள் என்பது என் கணிப்பு. போன மாதம் வேறொன்று கேட்டாள்.

"சார், நீங்களும் மேனேஜர் சாரும் மலைக்குப் போன கதைய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லினு கீறாங்க. வழியில கரடி வந்துச்சாம், மேனேஜர் சார் பைப்பால அடிச்சி தொரத்தினாராம். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார்."

கரடி வரவில்லை. வந்திருந்தால் யூசுப் சார் அதை அடித்திருக்க மாட்டார், முதலில் என்ன குறை என்று கேட்டிருப்பார். எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் அவர். முப்பது வருடத்துக்கு மேல் அவர் கீழ் வேலை பார்த்தேன் என்பதை என் வாழ்க்கையின் அதிர்ஷ்டமாக நினைக்கிறேன். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கதைக்குப் போவதற்கு முன் மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பிவிசி ரெசின் பார்ப்பதற்குக் கோலமாவுதான். உப்பிலிருந்து பிரித்த குளோரின் பாதிக்கு மேல், மீதி பெட்ரோலியத்திலிருந்து வந்தது. வேலூர் தாண்டி இருந்த எங்கள் தொழிற்சாலையில் அதைச் செய்வதில்லை. கடலோரத்துப் பெரிய ஆலைகள் செய்து மூட்டையில் அனுப்பும், போதாததற்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். அதனால் எண்ணெய் விலை ஏறினாலும் எங்களுக்கு ஏறும், டாலர் ஏறினாலும் ஏறும், எங்கேயோ புயலடித்து ஆலை மூடினாலும் ஏறும். இறங்குவதற்கு மட்டும் ஒன்றே ஒன்றுதான் காரணம்: மழைக்காலத்தில் யாரும் பைப் வாங்க மாட்டார்கள்.

ஆனால் அந்த மாவு போகாத இடம் கிடையாது. வயலுக்குத் தண்ணீர் விடும் பைப், மின்கம்பியின் மேல்தோல், குளியலறைக் கதவு, ஆஸ்பத்திரியில் ரத்தம் பிடிக்கும் பை, செருப்பின் அடிப்பாகம். தேர்தல் நேரத்தில் கைகூப்பி நிற்கும் பேனர்கூட அதே மாவுதான். ஒரு தடவை வேட்பாளர் ஒருவர் படம் போட்ட பேனரைக் காட்டி, "இவரும் நம்ம சரக்கு தாம்பா" என்றார் யூசுப் சார்.

நான் கலசப்பாக்கத்துக்காரன். நெல் விதைக்கிற குடும்பம். ஐடிஐயில் பிட்டர் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தபோது தெரிந்தவர் ஒருவர் அந்தத் தொழிற்சாலையில் கொண்டுபோய் விட்டார். முதல் இரண்டு வருடம் மிக்ஸர் கூடத்தில் மூட்டை பிரிக்கிற வேலை. புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக ஊருக்கு வருவேன். நான் மாவு மில்லில் வேலை பார்ப்பதாகவே என் அம்மா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள். ராகி அரைக்க அங்கே என்ன கூலி என்றும் ஒருமுறை கேட்டாள்.

அங்கே நான் முதலில் கற்றது, ரெசின் தனியாக உருகாது, கருகிவிடும் என்பதுதான். கருகாமல் இருக்க ஒரு மருந்து, இரும்பில் ஒட்டாமல் இருக்க மெழுகு, விறைப்புக்கும் விலைக்கும் சுண்ணாம்புப் பொடி, ஒரு சிட்டிகை நிறம். இவ்வளவையும் மிக்ஸரில் கொட்டி மூடினால், அடியில் நெருப்பே கிடையாது, கத்தி சுற்றுகிற வேகத்திலேயே சூடேறும். சரியான சூட்டில் பக்கத்துத் தொட்டியில் இறக்கி ஆறவைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே கட்டி தட்டிவிடும். பிறகு எக்ஸ்ட்ரூடர் என்ற நீளமான இயந்திரத்தில் திருகாணி அதை உருக்கித் தள்ளித் தள்ளி, வாயில் வைத்த அச்சின் வழியாகப் பைப்பாக வெளியே விடும். தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து குளிர்ந்து வரும் அந்தப் பைப்பை முதன்முதலில் பார்த்த அன்று நான் சாப்பிடக்கூட போகாமல் நின்றேன்.

யூசுப் சார் வாணியம்பாடிக்காரர். ரசாயனம் படித்தவர். அரைக்கை வெள்ளைச் சட்டைதான் போடுவார். அத்தனை மாவுப் புழுதியில் அந்தச் சட்டை மட்டும் எப்படிச் சுத்தமாக இருந்தது என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. கையில் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும். அடுக்கிவைத்த பைப்புகளை அதனால் தட்டிக்கொண்டே போவார். சத்தம் பிடிக்காவிட்டால் நிற்பார். திட்டுவது தமிழில், பாராட்டுவது உருதுவில். அதனால் எனக்குப் பாராட்டுக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஆறேழு வருடம் ஆயிற்று.

கரண்ட் போனால் அவர் ஆளே மாறிவிடுவார். இயந்திரம் நின்றதும் உள்ளே இருக்கிற சரக்கு சூட்டில் மஞ்சளாகி, பழுப்பாகி, கருகிப்போகும். கண்ணெரிச்சல் தரும் அமிலப் புகை கிளம்பும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அச்சைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். மற்ற மேனேஜர்கள் வெளியே நின்று கத்துவார்கள். இவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு எங்களோடு ஸ்பேனர் பிடிப்பார். முடிந்ததும், "அச்சா, எல்லாரும் வெளிய போயி காத்து வாங்குங்க, கண்ண தேய்க்காதீங்க" என்று அனுப்புவார். அவர் மட்டும் கடைசியில் வருவார்.

அவருக்கு ஒரு விதி உண்டு. பைப் சரியில்லை என்று எங்கிருந்தாவது புகார் வந்தால், உடைந்த பைப்பை வரவழைத்துப் பார்ப்பதோடு நிறுத்தமாட்டார். "பைப்பு இங்க வந்து இன்னா சொல்லும்? அது இருக்கிற எடத்துக்கு நாம போவணும்" என்பார். அப்படிப் போன இடங்களில் ஒன்றுதான் ஜவ்வாது மலை.

கொரோனா கொஞ்சம் அடங்கி, ரெசின் விலை நாங்கள் கண்டிராத உயரத்துக்கு ஏறிக்கிடந்த சமயம் அது. கடைக்காரர்கள் பைப்புக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை சொன்னார்கள். முதலாளி நல்லவர்தான், ஆனால் அவருக்கும் தூக்கமில்லை. ஒருநாள் ஷெட்டுக்குள் வந்து, சுண்ணாம்புப் பொடியைக் கொஞ்சம் கூட்டினால் என்ன என்று கேட்டார். ரெசினோடு பார்த்தால் அது கிட்டத்தட்ட இனாம் மாதிரி. பல பேர் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

யூசுப் சார் மறுத்துப் பேசவில்லை. கேட்டபடி கூடுதல் சுண்ணாம்பு போட்டு ஒரு பைப் ஓட்டச் சொன்னார். அதையும் எங்கள் வழக்கமான பைப்பையும் தரையில் வைத்து, மேலே இருந்து எடைக்கல்லைப் போட்டார். வழக்கமான பைப் குதித்து எழுந்தது. மற்றது சில்லு சில்லாகச் சிதறியது. அந்தச் சில்லில் ஒன்றைப் பொறுக்கி முதலாளி கையில் கொடுத்தார்.

"இத்த உங்க மாமியார் வூட்டுக்குப் போடலாமா, நீங்களே சொல்லுங்க."

முதலாளி சிரித்துவிட்டார். "மாமியார் வூடா இருந்தா போடலாம்தான்" என்றார். ஆனால் சுண்ணாம்பு அளவு ஏறவில்லை.

இது நடந்த ஒன்றிரண்டு மாதத்தில் திருப்பத்தூர் கடைக்காரர் போன் செய்தார். புதூர்நாட்டுப் பக்கத்து மலைக் கிராமத்துக்காரர்கள் ஜீப்பில் வந்து, வெடித்த பைப்புகளைக் கடை வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சுனையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போட்ட பைப். பதிக்கப்பட்டதிலிருந்து வாரம் ஒரு இடம் வெடிக்கிறதாம். "உங்க பைப்பால என் கட மானம் போச்சு" என்றார்.

துண்டுகள் வந்தன. நீளவாக்கில் பிளந்திருந்தன. முதலாளி கேட்ட சுண்ணாம்பு யாருக்கும் தெரியாமல் எந்த ஷிப்டிலாவது உள்ளே போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகம். யூசுப் சார் முகத்தைப் பார்த்தேன், அவருக்கும் அதே சந்தேகம் என்று தெரிந்தது. பைப்பைச் சுரண்டித் தூளாக்கி, எடை போட்டு, பீங்கான் கிண்ணத்தில் வைத்து உலைக்குள் தள்ளினோம். ரெசின் எல்லாம் எரிந்துபோகும். சுண்ணாம்பு மட்டும் வெள்ளைச் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலை எடைபோட்டால் யார் என்ன கலந்தார்கள் என்பது தெரிந்துவிடும். உலை ஆறுகிற வரை சார் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சாம்பல் அளவோடுதான் இருந்தது. பைப் நல்ல பைப்.

"அப்போ நம்ம மேல தப்பு இல்ல. அப்படியே எழுதிக் குடுத்துடு யூசுப்" என்றார் முதலாளி.

"எழுதலாங்க. பைப்பு தப்பு பண்ணலன்னா வேற எது பண்ணுதுன்னு பாக்க வாணாமா?"

மறுநாளே கிளம்பினோம். பையில் தண்ணீரின் அழுத்தம் பார்க்கும் ஒரு பிரஷர் கேஜ், பசை டப்பா, ரம்பம், கொஞ்சம் இணைப்புகள். திருப்பத்தூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, புதூர்நாட்டில் இறங்கி, அங்கிருந்து வேறொரு ஜீப். ஊர்ப்பெயரை விட்டுவிடுகிறேன், ஒரு குடும்பச் சண்டை இதில் வருகிறது. சரிவில் சாமை அறுத்த நிலம், நடுவே பத்தொன்பது வீடு, ஊரைச் சுற்றிப் புளிய மரங்கள். சுனை நெட்டுக்குத்தாக மேலே. மேலேயிருந்து சாம்பல் நிறத்தில் எங்கள் பைப் பாறைகளை ஒட்டி இறங்கி வந்திருந்தது. அதைப் பார்த்ததும் உறவுக்காரனைக் கண்டது போல இருந்தது எனக்கு. வெடித்த இடமெல்லாம் வெட்டி, முனையை நெருப்பில் வாட்டி, இன்னொன்றுக்குள் சொருகி ஒட்டியிருந்தார்கள். "சுத்தமான வேல" என்றார் சார், தடவிப் பார்த்து.

ஊரே கூடி நின்றது. எங்களுக்காக மட்டும் இல்லை, அன்று பஞ்சாயத்தும் இருந்தது.

பேசியவள் பூங்காவனம். ஐம்பதைத் தாண்டியவள், கணவன் இல்லை, மகன் கேரளாவில் வேலை. அவள் மருமகள் சுனைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வரும்போது சரிவில் விழுந்து, காலில் கம்பி வைத்துக் கிடந்தவள். அதைப் பார்த்துதான் பூங்காவனம் வீடு வீடாகப் போய்ப் பேசி, அந்த வருடப் புளி விற்ற காசை எல்லாரிடமும் வாங்கி, இந்தப் பைப்பைக் கொண்டுவந்திருக்கிறாள். இப்போது ஊர் அவளை ஏசியது. வருகிற சந்தை நாளில் பழைய சாமான் வியாபாரி ஜீப்போடு வருகிறான், பைப்பைப் பிடுங்கிக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். பைப் போனால் கம்பி வைத்த காலோடு மருமகள் மறுபடி சரிவில் ஏற வேண்டும்.

ஆனால் பஞ்சாயத்து பைப்பைப் பற்றி மட்டும் இல்லை. அது செல்லம்மாவைப் பற்றி. பூங்காவனத்தின் கொழுந்தன் பெண்டாட்டி அவள், பூங்காவனத்துக்கு ஓரகத்தி. அவளுடைய வீடு ஊரோடு இல்லை, சுனைக்கும் ஊருக்கும் பாதி வழியில் தனியாக இருந்தது. அண்ணன் தம்பிகள் புளிய மரம் பிரித்ததில் தகராறு, ஏழெட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. பைப்புக்கு அவள் வீட்டிலிருந்து காசு வரவில்லை. பைப் அவள் வாசலைத் தாண்டித்தான் ஊருக்கு வருகிறது. வெடிப்பதெல்லாம் அவள் வீட்டுக்குக் கீழேதான்.

"அவதான் சார் கல்லால அடிக்கிறா. நமக்குக் கெடைக்காதது அவங்களுக்கு எதுக்குன்னு" என்றாள் பூங்காவனம். "பைப்பு தானா வெடிக்கலன்னு நீங்க எழுதிக் குடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

சார் கூட்டத்தில் தேடினார். ஓரமாக ஒரு பாறையை ஒட்டி மெலிந்த பெண் ஒருத்தி நின்றாள்.

"நீதான் செல்லம்மாவா? பைப்புக்கு ஏம்மா துட்டு தரல?"

"கேக்கல சார்" என்றாள் அவள். "எல்லார் வூட்டுக்கும் போனாங்க. எங்க வூட்டத் தாண்டித்தான் பைப்பு போச்சு. எங்கள யாரும் கேக்கல."

பூங்காவனம் வேறு பக்கம் பார்த்தாள். யூசுப் சாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. "இந்தத் தண்ணிய எப்படிப் புடிக்கிறீங்க, காட்டுங்க" என்றார்.

ஊர் நடுவில், பைப்பின் முடிவில், நெம்புகோல் வைத்த குழாய். காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று அதை மூடும் பொறுப்பு முறை வைத்து வந்தது. கடைசிக் குடம் நிரம்பியதும், முறைக்காரி ஓடிவந்து ஒரே தட்டாகத் தட்டி மூடிவிடுவாள். ஒரு சொட்டுக் கீழே விழக்கூடாது.

"சுனத் தண்ணிய சும்மா ஓடவுட்டா சுன கோச்சிக்கும் சார்" என்றாள் பூங்காவனம். "குடத்துல தளும்பறதக்கூட நாங்க செடி மேலதான் வுடுவோம். வெடிக்க ஆரம்பிச்சதிலிருந்து இன்னும் சுருக்கா மூடறோம். அப்படியும் வெடிக்குது."

எனக்குச் சட்டென்று புரிந்தது. சாருக்கு எனக்கு முன்பே புரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் இந்தப் பைப்பை நெல் வயலுக்குத்தான் போடுவோம். மறுமுனை எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீர் பாட்டுக்குப் பாயும். அதை யாரும் மூடுவதில்லை. விலை ஏறிய சமயம் என்பதால், கடையில் இருந்ததிலேயே மலிவான நாலு கிலோ பைப்பைத்தான் மலைக்கும் கொடுத்திருக்கிறார்கள். நாலு கிலோ அழுத்தம்தான் அது தாங்கும். எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

கேஜைக் குழாய்க்கு முன்னால் பொருத்தினேன். சார் தன் கையாலேயே நெம்புகோலை மெல்ல, மெல்ல மூடினார். முள் ஏறியது. நாலைத் தாண்டியது, ஐந்து, ஆறு, ஏழையும் தாண்டி எட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பக்கத்தில் பைப்பின் முதுகில் நாங்களே அச்சடித்த எழுத்து, நாலு என்று. நான் அதைப் பார்த்தேன். சார் கூட்டத்தைப் பார்த்தார்.

"யம்மா, நீ தெனம் எப்படி மூடுவியோ அப்படி மூடு" என்று குழாயைத் திறந்துவிட்டுப் பூங்காவனத்தைக் கூப்பிட்டார். "எல்லாரும் இங்கயே நில்லுங்க. செல்லம்மா, நீ என் பக்கத்துல வந்து நில்லு."

பூங்காவனம் வந்தாள். தட்டி மூடினாள். முள் துள்ளிக் கடைசி எண் வரை போய் நடுங்கியது. மேலே சரிவில் டப்பென்று ஒரு சத்தம். புளிய மரங்களுக்கு மேல் தண்ணீர் வெள்ளையாகப் பீறிட்டது.

மொத்த ஊரும் இங்கே இருந்தது, செல்லம்மாவும் இங்கேதான் இருந்தாள், சாரின் வெள்ளைச் சட்டையை உரசாமல் ஒரு அடி தள்ளி. அவள் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அன்று அவளைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை தெரியாது.

சார் எல்லாரையும் உட்காரச் சொல்லி விளக்கினார். ஓடிவருகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அது திரும்பி அடிக்கும். அடிக்காமல் மெல்ல மூடினாலும், அவ்வளவு உயரத்தின் பாரத்தை இந்தப் பைப் தாங்காது. "இதுல யார் மேலயும் தப்பு இல்ல. நீங்க தண்ணிய வீணாக்காதவங்க. பைப்புக்கு அது தெரியாது" என்றார்.

"அப்போ தெறந்தே வுடணுமா?" என்று கேட்டார் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர். "அது எங்களால ஆவாது."

"வாணாம். பாதி வழியில ஒரு தொட்டி வெச்சிடலாம். மேல இருந்து வர்ற தண்ணி அதுல வந்து விழட்டும். அதுல இருந்து கீழ ஒரு பைப்பு. உயரம் பாதியாயிடும், பைப்பு தாங்கும். நீங்க இங்க மூடிட்டா தொட்டி ரொம்பும். ரொம்பி வழியறதுக்கு மட்டும் ஒரு வழி வுடணும்."

பிறகு கேஜை எடுத்துக்கொண்டு பைப்போடு மேலே ஏறினார். வழியெல்லாம் அங்கங்கே வெட்டி அழுத்தம் பார்த்தோம். அறுபதை நெருங்கிய மனிதர், முட்டி வலிக்காரர், பாறைக்குப் பாறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். முள் நாலுக்குக் கீழே வந்த இடமும், தொட்டி வைக்கச் சமதரை இருந்த இடமும் ஒன்றே ஒன்றுதான். செல்லம்மா வீட்டு வாசல்.

பூங்காவனம் பின்னாலேயே வந்திருந்தாள். "இங்கயா? வேற எடம் பாருங்க சார்" என்றாள்.

"எடத்த நான் பாக்கலம்மா. தண்ணி பாத்துகீது."

"வழியற தண்ணி எங்க போவும்?"

"தோ, அந்த வாசலுக்குத்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே ஊர் தெரிந்தது, அவள் வீட்டு வாசலில் மருமகள் ஒரு காலை நீட்டிக் குந்தியிருப்பதும் தெரிந்தது. ஏழெட்டு வருட வீம்பு ஒரு பக்கம், அந்தக் கால் ஒரு பக்கம். "வைங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

சந்தை நாளுக்கு முன்பே மறுபடி மலைக்குப் போனோம். தொட்டி சார் எங்கிருந்தோ பேசி வாங்கியது. பாலித்தீன் ரெசினில் வார்த்த கறுப்புத் தொட்டி, வாய் சற்றுக் கோணிப்போனதால் விற்க முடியாமல் பக்கத்துத் தொழிற்சாலையில் கிடந்தது. சும்மா கொடுத்தார்கள். அதை சார் சுமந்தார் என்று இப்போது சொல்லிக்கொள்வது பொய், ஊர் ஆண்கள் நாலு பேர் தொட்டியின் கழுத்தில் கயிறு கட்டித் தூக்கிப் போனார்கள். நானும் அவர்களும் பைப்பை வெட்டி இணைத்தோம். வழிகிற தண்ணீருக்குத் தொட்டியின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு துளை போட்டு, செல்லம்மா வாசல் வரை ஒரு துண்டுப் பைப் விட்டேன். கீழே ஊர்க் குழாய் மூடியிருந்தால்தான் தொட்டி வழிந்து அதில் தண்ணீர் வரும். பசை காயும் வரை யாரும் தொடக்கூடாது என்று சார் காவலுக்கு உட்கார்ந்தார். செல்லம்மா கொடுத்த சாமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு உருதுவில் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரிந்திருக்காது. நான்தான் சொன்னேன், பாராட்டுகிறார் என்று.

மாலையில் தண்ணீர் விட்டோம். ஊர்க் குழாயில் வந்தது. முன்பைவிட வேகம் குறைவுதான், ஆனால் வந்தது. எல்லாரும் குடம் வைத்தார்கள். கடைசியாகப் பூங்காவனம் வைத்தாள், மூடும் முறையும் அன்று அவளுடையதுதான். குடம் பாதி நிறைந்திருக்கும்போது என்ன நினைத்தாளோ, நெம்புகோலைப் பிடித்து மெல்ல மூடினாள். சார் சொல்லிக்கொடுத்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாரும் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெடிக்கவில்லை. தொட்டி நிரம்பும் அளவு நேரம் போயிற்று. அவள் கையை நெம்புகோலிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யக்கா... வருதுக்கா. எங்க வூட்டுக்கு வருதுக்கா."

ஊரில் எல்லாரும் பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தன்னுடைய பாதிக் குடத்தைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மொதல்ல நீ புடிடி. நான் அப்பறமா தெறந்துக்கிறேன்."